எழுத்து வழியே சொல் தேடல்

அவைத் தலைவர் அவர்களே, இலக்கிய வட்டத்தின் பொறுப்பாளர்களே, மேற்கு மலையின் அடிவாரத்தில், சுருளிப்பட்டி என்னும் இச்சிற்றூரில் பத்தாண்டுகளாகத் தமிழ் விளக்கை அணையாது காத்துவரும் கவிஞர் பெருமக்களே, வணக்கம்.

ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளிடையே ஒரு விளையாட்டு உண்டு. சில எழுத்துகளைக் கொடுத்து, அவை அமைந்த சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஈ, ஏ, டீ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால், ஒருவகையாக அடுக்கும்போது ‘உண்’ என்னும் பொருளுடைய ‘ஈட்’ கிடைக்கும். மாற்றி அடுக்கினால் ‘உண்டான்’ என்னும் பொருளுடைய ‘ஏட்’ கிடைக்கும். மீண்டும் மாற்றினால் தேநீரே வந்து சேரும். இந்த விளையாட்டின் மீதே பெரிய வாணிகங்கள் எழுந்தன. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட கட்டப் புதிர்தான் இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடி. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த ஆல்பிரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, பின்னாளில் ‘ஸ்கிராபிள்’ எனப் பெயர்பெற்ற விளையாட்டை அமைத்தார். அதன் நூறு வில்லைகளில் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு மட்டும் பன்னிரண்டு. ‘கியூ’ என்னும் எழுத்துக்கு ஒன்றே ஒன்று. இன்று கணிப்பொறியிடம் ஐந்தாறு எழுத்துகளைக் கொடுத்தால், அவை பொருந்தும் ஆங்கிலச் சொற்கள் அத்தனையையும் நொடிப்பொழுதில் அடுக்கித் தந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு இணையானது எது? வார இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டியைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அது அயலிலிருந்து வந்த நாற்று. இம்மண்ணிலேயே முளைத்தது ஒன்று உண்டு. அதன் பெயர் எதுகை. குறித்த எழுத்தைக் குறித்த இடத்தில் உடைய சொல்லைத் தேடும் வேலையைத் தமிழ்ப் புலவன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறான். ஆங்கிலேயனுக்கு அது பொழுதுபோக்கு; தமிழ்ப் புலவனுக்கு அது பிழைப்பு. அந்தத் தேடலுக்கென்று தமிழர் செய்து வைத்த கருவி எது, அது ஏன் கைநழுவியது, இன்று அதை மீட்க இயலுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் எழுத்து என்பது எது என்று தெளிய வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுத்து 26. உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்பவை. பிரிக்கலாம், கலைக்கலாம், மாற்றி அடுக்கலாம். தமிழில் உயிரும் மெய்யும் கூடி ஓருருவாகி விடுகின்றன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. ‘வி’ என்பதில் வகரத்தையும் இகரத்தையும் காது பிரித்து அறியும், கண் பிரிப்பதில்லை. ஆகவே எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதுச்சொல் ஆக்கும் ஆங்கில விளையாட்டு தமிழில் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

அதைவிட முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. தொல்காப்பியர் கணக்கில் மொழிக்கு முதலாகும் எழுத்துகள் 94. அவர் சகரத்தை அகரத்தோடும் ஐகாரத்தோடும் ஔகாரத்தோடும் கூட்டிச் சொல்லின் முதலில் வர விடவில்லை. பவணந்தியார் காலத்தில் அந்தக் கதவு திறந்துவிட்டது. நன்னூலில் எண்ணிக்கை 103 ஆயிற்று. இருவர் கணக்கிலும் இடம்பெறாத மெய்கள் எட்டு: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. அயற்சொற்களை ஒதுக்கிவிட்டால், இவை எவ்வுயிரோடு கூடியும் தமிழ்ச்சொல்லின் தலைவாயிலில் நிற்பதில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மேடைதோறும் தமிழின் தனிச்சிறப்பு என்று ழகரத்தைப் போற்றுகிறார்கள். ஆனால், எந்தத் தமிழ் அகராதியைப் புரட்டினாலும் ழகரத்துக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. பழம் பகரத்தில் இருக்கிறது, மழை மகரத்தில், உழவு உகரத்தில், எழில் எகரத்தில், கழனி ககரத்தில். ழகரம் வீடு இல்லாமல் ஊரெல்லாம் ஒண்டுக்குடியிருக்கிறது. முதலெழுத்தை மட்டுமே வாயிலாக வைத்த நூலில் இந்த எட்டு மெய்களும் தலைப்புப் பெறவே முடியாது. அவற்றுக்குத் தலைப்புக் கிடைப்பது, இரண்டாம் எழுத்தைக் கொண்டு சொற்களை வகுத்தால்தான்.

அப்படி வகுத்தவர்கள் இருந்தார்கள். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைக் கூறும் பகுதி அது. அதில் சொற்கள் ககர எதுகை தொடங்கி னகர எதுகை வரை இரண்டாம் எழுத்தின் முறையில் நிற்கின்றன. தொகுதியைத் தொடங்கிவைக்கும் சொல் ‘பகவன்’. முதலெழுத்து பகரமாயிற்றே, அது ஏன் முதலில் நிற்கிறது என்று இன்றைய மாணவர் மருளக்கூடும். இரண்டாம் எழுத்து ககரம். ஆகவே அது ககர எதுகை. விருத்தப் பாவுக்கு அடிதோறும் எதுகை வேண்டும். நிகண்டையே விருத்தத்தில் செய்தபோது சொற்கள் தாமாகவே எதுகைக் குடும்பங்களாக அணிவகுத்துக்கொண்டன. திண்ணைப் பள்ளியில் அதை மனப்பாடம் செய்த சிறுவன், பொருளோடு சேர்த்து எதுகையையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். பின்னாளில் பாட்டெழுத அமர்ந்தபோது ழகர எதுகைச் சொற்கள் அவன் நாவில் வரிசையில் வந்து நின்றன. ஏட்டைத் தேட வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை.

முதலெழுத்து முறை வந்தது 1594இல். அவ்வாண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை அகரம் முதலாக அடுக்கியது. இன்று எல்லாச் சொற்பொருள் நூலுக்கும் வழங்கும் ‘அகராதி’ என்னும் பெயர் அங்கிருந்து வந்ததே. அதன்பின் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். அதன் நான்கு பிரிவுகள் பெயர், பொருள், தொகை, தொடை என்பன. நான்காவதாகிய தொடை அகராதியே இங்குக் கருதத்தக்கது. எதுகைத் தொடைக்கு உதவுமாறு சொற்களைத் திரட்டித் தந்த பகுதி அது. இத்தாலியிலிருந்து வந்த ஒருவருக்கு இத்தேவை எப்படிப் புலப்பட்டது என்று வியப்பதற்கு இடமில்லை. அவர் தேம்பாவணி பாடியவர். 3,615 விருத்தம், அடிக்கு ஓர் எதுகைச் சொல் என்று வைத்தாலும் 14,460 சொற்கள். பிறமொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் இத்தனை எதுகைச் சொற்களைத் தேடி எடுத்த பிறகு, அடுத்து வருபவர் அப்பாடு படவேண்டாம் என்று கருதியிருத்தல் இயல்பே. தச்சன் தனக்கென்று செய்துகொண்ட உளியைத் தொழிலாளர் எல்லார்க்கும் பொதுவாக்கியது போன்ற செயல் அது.

சதுரகராதி 1824இல் சென்னையில் அச்சேறியது. அதன் பிறகு எழுந்த பேரகராதிகள் முதலிரண்டு பிரிவுகளின் வழியிலேயே சென்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் முற்றுப்பெற்ற அனுபந்தமாகவும் வெளிவந்தது. மொத்தம் 1,17,762 சொற்கள். நினைத்தாலே மலைப்பூட்டும் உழைப்பு. ஆயினும் அந்தப் பெருமாளிகைக்கு வாயில் ஒன்றே. முதலெழுத்து தெரிந்தவன் உள்ளே போகலாம். இரண்டாம் எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கவிஞன் வெளியே நிற்க வேண்டியதுதான். சுருங்கச் சொன்னால், அகராதி மோனைக்கு உதவும், எதுகைக்கு உதவாது. மரபுக் கவிதை எழுதுவோர் குறைந்ததற்குப் பல காரணம் சொல்கிறார்கள். நிகண்டு மனப்பாடம் நின்று போனதையும், அதற்கு ஈடாக எதுகை அகராதி ஒன்று பெரிய அளவில் எழாததையும் அப்பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இது வெறும் ஏட்டுப் பேச்சாக நின்றுவிடாதிருக்க, இவ்வூர்ச் சொற்கள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதற்சொல் ‘சுருளி’. முதலெழுத்துக் குறில், இரண்டாம் எழுத்து ‘ரு’. இவ்விரண்டையும் கொண்டு தேடினால் அருவி, குருவி, கருவி, உருளி, மருதம், பருவம், உருவம், குருதி, கருணை, விருந்து, மருந்து, பருந்து, இருள், முருகு, திருவிழா என்று சொற்கள் நிரை நிரையாக வருகின்றன. ஊருணி, ஆருயிர், பேருந்து ஆகியவற்றிலும் இரண்டாம் எழுத்து ‘ரு’தான், ஆனால் முதலெழுத்து நெடில். எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் ஆதலால் அவை தனிப்பந்தியில் அமரவேண்டியவை. பட்டியலைப் பாருங்கள். சுருளியின் பக்கத்தில் அருவி தானே வந்து நிற்கிறது, அருகில் முருகு, அதனருகில் திருவிழா. பேரகராதியில் இவை ஆறு தொகுதிகளில் சிதறிக் கிடப்பவை. இங்கே ஒரே பார்வையில் ஒரு பாட்டுக்கான சரக்கு கிடைக்கிறது. சொற்கள் ஒலியால் அடுத்தடுத்து நிற்கும்போது பொருளாலும் ஒன்றையொன்று அழைக்கத் தொடங்குகின்றன. எதுகையைக் கட்டுப்பாடு என்று மட்டும் எண்ணுவோர் இந்த அழைப்பைக் கேட்டதில்லை போலும்.

இரண்டாம் சொல் ‘கவாத்து’. திராட்சைக் கொடியை அளவறிந்து வெட்டிவிடும் வேலைக்குத் தோட்டங்களில் வழங்கும் பெயர். இச்சொல்லுக்கு எதுகை தேடினால் புதுச்செய்தி ஒன்று வெளிப்படுகிறது. முதலில் குறிலும் இரண்டாவதாக ‘வா’வும் வரும் சொற்கள்: சவால், சவாரி, நவாப், திவான், விவாதம், விவாகம், துவாரம், சுவாமி, கவாடம். ஏறக்குறைய எல்லாமே வடமொழியிலிருந்தும் அரபு, பாரசீக மொழிகளிலிருந்தும் வந்த விருந்தாளிகள். கவாத்தும் அரபு வழி வந்ததாகவே கூறப்படுவது. படைப்பயிற்சி என்னும் பொருளும் அதற்கு உண்டு. தமிழுக்கே உரியவை என்று பொறுக்கினால் அவா, உவா, தவா, கவான் எனச் சிலவே தேறுகின்றன. ‘வா’ என்னும் எழுத்து குறிலை அடுத்து இரண்டாவதாக நிற்பதைத் தமிழ் தானாக அவ்வளவு விரும்பவில்லை. வந்தவர்களால் நிரம்பிய தெரு அது. முதலெழுத்து அகராதியை முழுவதும் படித்தாலும் இவ்வுண்மை கண்ணில் படாது. இரண்டாம் எழுத்தில் வகுத்த மறுகணமே படுகிறது. இன்னும் ஒன்று. ‘கவான்’ என்பது மலைப்பக்கத்தைக் குறிக்கும் சங்ககாலச் சொல். மலைச்சாரலில் திராட்சைக்குக் கவாத்துச் செய்யும் ஊரில், கவானும் கவாத்தும் எதுகையாகச் சேர்கின்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல்லும், வெளியிலிருந்து வந்து தோட்டத்தில் தங்கிவிட்ட சொல்லும் ஓரடியின் இரு தலைகளில் நிற்க முடியும். இன்றுவரை எக்கவிஞரும் அவ்வாறு நிறுத்தவில்லையென்றால், அது சொல்லின் குற்றமன்று. அவற்றைச் சேர்த்துக் காட்டும் ஏடு இல்லாத குற்றம்.

யாப்பு நூலார் இத்தேடலுக்கு விதிகளையும் வகுத்துள்ளனர். இரண்டாம் எழுத்து அதுவே வந்தால் எதுகை. அது கிடைக்காவிடில் அவ்வெழுத்தின் வருக்கத்தில் வேறொன்று வரலாம். அது வருக்க எதுகை. அதுவும் கிடைக்காவிடில் வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம் என இனத்தில் ஒன்று வரலாம். அது இன எதுகை. இடையில் ய், ர், ல், ழ் என்னும் ஒற்றுகளில் ஒன்று குறுக்கிட்டால், அதை இல்லாதது போலக் கொள்ளலாம். அது ஆசிடை எதுகை. வார்த்தை, காத்தல் என்னும் சொற்களில் ரகர ஒற்றை நீக்கிப் பார்த்தால் எதுகை தெரியும். கணிப்பொறி வல்லுநர்கள் இன்று தேடல் விதி என்று சொல்வனவற்றோடு இவற்றை ஒப்பிடலாம். இந்த எழுத்தே வேண்டும். இல்லையேல் இந்தக் குழுவில் ஏதேனும் ஒன்று. இடையில் இன்னின்ன எழுத்து வந்தால் தாண்டிச் செல்க. யாப்பருங்கலமும் காரிகையும் கற்றவருக்கு இது புதுப்பாடம் அன்று.

வேண்டிய எழுத்தைத் தேடுவது ஒரு வகை. வேண்டாத எழுத்தை விலக்கித் தேடுவது அதனினும் கடினம். தண்டியலங்காரம் சொல்லணியில் கூறும் நிரோட்டகம் அத்தகையது. நிர் ஓட்டகம், இதழ் படாதது. பகர மகர வகரங்களை விலக்கிப் பாட வேண்டும். கடுமையாகக் கொள்வோர் இதழ் குவிந்து பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களையும் விலக்குவர். வடமொழித் தண்டியின் தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் என்பவன் தன் கதையை இதழ் எழுத்தே இல்லாமல் சொல்கிறான். காதலி கடித்த இதழ் புண்பட்டிருந்தது காரணம் என்று நூலாசிரியர் நயமாக அமைத்துவிட்டார். கட்டுப்பாட்டுக்குக் கதையே காரணமாகிவிடுவதால், அங்கே அது வித்தையாகத் தோன்றுவதில்லை.

தமிழில் இத்துறையில் பேர்பெற்றது துறைமங்கலம் சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நீரோட்டக யமக அந்தாதி. ஆசிரியரின் பகைவராக இருந்த ஒரு புலவர் போட்டிக்கு அழைத்ததாகவும், தோற்றவர் வென்றவர்க்கு அடிமையாவது என்பது பந்தயமாகவும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடப்படுபவன் முருகன். இலக்கணத்தைக் கடுமையாகக் கொண்டால் முருகன் என்னும் பெயரே ஆகாது, மு நின்றுவிடுகிறது. வேலன், குமரன், ஆறுமுகன், சண்முகன் எல்லாம் தள்ளுபடி. சேயோன் ஆகாது, ஓகாரம் தடுக்கிறது. கையில் வேல் ஆகாது. ஏறிவரும் மயில் ஆகாது. வள்ளியும் தெய்வானையும் வகரத்தால் விலக்கப்பட்டனர். அன்பு, பாட்டு, வீடு, தமிழ் இவற்றில் ஒன்றும் ஆகாது. எஞ்சியவை கந்தன், செந்தில், சேய் போன்ற சிலவே. பெயரையும் படையையும் ஊர்தியையும் துணைவியரையும் இழந்த தெய்வத்தை, இதழ் ஒட்டாமல் அழைக்க வேண்டும். முப்பது பாட்டு அழைத்திருக்கிறார். அதோடு யமகமும் அந்தாதியும் சேர்த்து.

இதே சோதனையைத் திருக்குறளில் செய்துகாட்டுவது பட்டிமன்ற மேடைகளின் பழக்கம். துறவு அதிகாரத்தின் முதற்குறளாகிய 341ஆம் குறளில் உதடு ஒட்டாது; இறுதிக் குறளாகிய 350இல் ஒட்டும்; பற்றை விட்டால் ஒட்டாது, பற்றினால் ஒட்டும் என்று நயம் உரைப்பர். அவை கைதட்டும். ஆயினும், 341இல் ‘நோ’ என ஓர் எழுத்து உள்ளது. அதன் ஓகாரம் இதழ் குவிந்தே பிறப்பது. உதடு ஒட்டவில்லை என்பது மெய். நிரோட்டக இலக்கணத்தைக் கடுமையாகக் கொண்டால் அக்குறள் முழுதும் தேறாது என்பதும் மெய். வள்ளுவர் இதை எண்ணிச் செய்தார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. நயம் பாராட்டுவோர் எழுத்தை ஒருமுறை எண்ணிவிட்டுப் பாராட்டுவது நல்லது.

மேலைநாட்டிலும் இத்தகைய விலக்கு நோன்பு உண்டு. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘ஈ’ என்னும் எழுத்தே இல்லாமல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல் ‘காட்ஸ்பி’ என்னும் புதினத்தை வெளியிட்டார். பிரெஞ்சில் ஜார்ஜ் பெரெக் 1969இல் அவ்வாறே ஒரு புதினம் எழுதினார். பெரெக்கின் தந்தை போரில் மடிந்தார்; தாய் நாஜிகளின் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. இன்றியமையாத ஒன்று காணாமற் போன உலகத்தை அந்த எழுத்தின் இன்மையே உணர்த்துகிறது என்று திறனாய்வாளர் கூறுவர். மந்திரகுப்தனின் புண்பட்ட இதழையும் பெரெக்கின் இழப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எழுத்தை விலக்குவதற்கு வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கும்போது அது கவிதையை நெருங்குகிறது என்று சொல்லத் தோன்றும். காரணம் இல்லாதபோது கழைக்கூத்து. தமிழ்ச் சித்திரகவிகளில் பெரும்பாலானவை கழைக்கூத்தாகவே நின்றுவிட்டன என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஓரெழுத்து வருக்கத்திலேயே பாட்டு முழுவதையும் முடிக்கும் வகையும் உண்டு. காளமேகத்தின் தகர வருக்கப் பாட்டும், அருணகிரிநாதரின் கந்தரந்தாதி 54ஆம் செய்யுளும் பலரும் அறிந்தவை. அந்தச் செய்யுளுக்குப் பொருள் சொல்ல இயலாமல் வில்லிபுத்தூரார் தோற்றார் என்றும், தோற்றவர் காதை அறுத்துவந்த அவரது கொடுமை அன்றோடு நின்றது என்றும் செவிவழிக் கதை. எழுத்து விளையாட்டால் தமிழ்நாட்டில் காதுகள் தப்பின என்றால் அதற்காகவேனும் அதை வாழ்த்தலாம்.

எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுச்சொல் காணும் அக்கரச்சுதகம் சிறுவர்க்கும் உகந்தது. முன்பு கண்ட பட்டியலிலேயே செய்து பார்க்கலாம். உருளியில் நடு எழுத்தை நீக்கினால் உளி. குருவியில் நீக்கினால் குவி. இறுதியை நீக்கினால் குரு. கருவியில் இறுதியை நீக்கினால் கரு. நடுவை நீக்கினால் கவி.

இனி, கணிப்பொறி. ஆங்கிலத்துக்கு நொடியில் செய்வதைத் தமிழுக்கும் அது செய்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அங்கே எழுத்து என்பதற்குப் பொருள் மாறிவிடுகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறை, இந்திய மொழிகளுக்கு முன்பே வகுத்திருந்த ஒரு பொதுத்திட்டத்தைத் தழுவியது. அதில் தமிழுக்குக் கிடைத்தவை 128 இடங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டாகவே பதிவாகிறது. இருபுறமும் ஒன்றாகப் படிக்கப்படும் ‘விகடகவி’யைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள். ஐந்தெழுத்துச் சொல்லைக் கணிப்பொறி ஏழு துண்டுகளாகக் கண்டு, பின்னிருந்து அடுக்கும். பற்றுக்கோடு இல்லாத ஓர் இகரக் கொம்பு முதலில் நிற்க, அதன்பின் ‘வகடகிவ’ என்று வரும். திருஞானசம்பந்தர் சீகாழியில் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தின் பதினொரு பாட்டையும் அதனிடம் கொடுத்தால், ஒன்றுகூட மாலைமாற்று அன்று என்று தீர்ப்புச் சொல்லிவிடும். சம்பந்தர் எழுத்தை எண்ணினார்; கணிப்பொறி துண்டை எண்ணுகிறது.

ககரம் என்று தேடினால் க, கா, கி மட்டுமன்றி க் என்பதும் வந்து குவியும். தமிழ் இலக்கணத்தில் மெய் முன்பே நிற்பது. அகரம் வந்து சேர்ந்து அதை இயக்குகிறது. கணிப்பொறியிலோ அகரமேறிய ‘க’ முன்பே நிற்கிறது. புள்ளி பின்னர் வந்து அதன் உயிரைப் போக்குகிறது. ‘கொ’ என்பதையோ இரு வகையாகப் பதிய இடம் உண்டு: ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகக்கூடும்; திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். புள்ளியிடாமல் எழுதிய பழைய ஓலைச்சுவடியைப் படித்தவர் பட்ட பாடு இன்று வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

247 எழுத்துக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ என்னும் முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்துத் தரப்படுத்தியது. எழுத்தை எண்ணவும் தேடவும் அது நேரிய முறையே. எனினும் கைபேசியும் இணையமும் யூனிகோடின் வழியே சென்றுவிட்டன. ஆகவே, சிதறிய துண்டுகளை முதலில் தமிழ் எழுத்துகளாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு தேடும் நிரல்களே நடைமுறைக்கு ஒத்தவை. ‘ஓபன் தமிழ்’ போன்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புகள் அவ்வாறு சேர்த்துத் தருகின்றன. அதன்மேல் வருக்கம், இனம், ஆசு என்னும் மூன்று விதிகளை ஏற்றிவிட்டால் வீரமாமுனிவரின் நான்காம் பிரிவு மீண்டும் உயிர்பெறும். தமிழாசிரியரும் கணிப்பொறி மாணவரும் ஒரு விடுமுறைக் காலம் கூடி உட்கார்ந்தால் செய்து முடிக்கத்தக்க வேலை இது.

இக்கருவி வந்தால் கவிதை கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் இருப்பர். எதுகைக்காகப் பொருளில்லாச் சொல்லை இழுத்துவந்து அடிமுதலில் கட்டிப்போடும் வழக்கம் கருவி இல்லாத காலத்திலேயே இருந்ததுதான். கவியரங்குகளில் ‘மன்னு’ என்றும் ‘பன்னு’ என்றும் ‘துன்னு’ என்றும் வந்து நிற்கும் சொற்களை எவ்வளவோ பேர் கேட்டிருக்கிறார்கள். சொற்பஞ்சமே அதற்குப் பெருங்காரணம். பத்துச் சொல் மட்டும் தெரிந்தவன் பதினோராவது இடத்தில் பொய்ச்சொல் வைக்கிறான். நூறு சொல் கண்முன் இருந்தால் வேண்டியதைத் தேர்வான், தொண்ணூற்றொன்பதைத் தள்ளவும் கற்பான். தள்ளத் தெரிவதற்குப் பட்டியல் துணை செய்யாது. அதற்குக் காது வேண்டும். எந்தப் பட்டியலையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

பட்டியலுக்கு அகராதிச் சொற்கள் மட்டும் போதா. கம்பம் பள்ளத்தாக்கின் வயலிலும் தோட்டத்திலும் வழங்கும் சொற்களில் பல, பேரகராதி தொகுத்தோர் செவியில் விழாதிருக்கக்கூடும். விழுந்திருந்தாலும் இங்குள்ள பொருளோடு பதிவாகாதிருக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடி, பந்தல், கவாத்து, அறுப்பு, விலை பற்றி நாள்தோறும் பேசப்படும் பேச்சில் எத்தனை சொற்கள் உண்டோ, அத்தனையும் இரண்டாம் எழுத்து முறையில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. மெய்க்கு ஒன்றாகப் பதினெட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் குறிலுக்கு ஒரு பந்தி, நெடிலுக்கு ஒரு பந்தி. சொல், அதன் எதிரே பொருள், சொன்னவர் செய்யும் தொழில். இவ்வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஒரு தாள் என்று எடுத்தால் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும்.

ழகரத் தாளில் முதற்சொல்லாக எதை எழுதுவது என்பதை இவ்வூர்க் கவிஞர்களே முடிவு செய்யலாம். பழம் என்று எழுதினால் தோட்டக்காரர் மகிழ்வர். மழை என்று எழுதினாலும் மகிழ்வர். அறுப்பு நேரத்தில் மட்டும் அத்தாளை அவர்களிடம் காட்ட வேண்டா.